கரண்டிச் சத்தமும் நாலாயிரம் கொடுவாக்களும்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சுட்டது. அவள் மீன் பண்ணையில் வேலை செய்கிறாள். கடலில் குறைந்துபோன கொடுவா மீனைத் தொட்டியில் பொரிக்கவைத்து, விரல் நீளம் வளர்த்து, மறுபடி கடலிலேயே விடுகிற பண்ணை. "இத எழுதித் தொலைச்சே, அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வராதே" என்றாள். வந்துகொண்டுதான் இருக்கிறேன்.

முதல் வரியாக இதைத்தான் வைத்திருந்தேன்: "நீலக் கடல் தன் பிள்ளைகளுக்காகக் காத்திரு..."

வேண்டாம். கடலுக்கு வேறு வேலை இருக்கிறது.

2.

பன்னிரண்டு வட்டத் தொட்டிகள், ஓயாமல் இரையும் காற்றுக் குழாய்கள், வழுக்கும் தரை, துவைத்தாலும் போகாத வாடை. கொடுவாக் குஞ்சு பாசக்காரப் பிராணி இல்லை. அண்ணன் கொஞ்சம் பெரிசாகிவிட்டால் தம்பியை விழுங்கிவிடும். அதனால் வாரம் இரண்டு முறை அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். (எங்கள் வீட்டில் யாரும் பிரிக்கவில்லை. தம்பியான நான் எப்படித் தப்பித்தேன் என்பது வேறு கதை.)

பண்ணையில் ஒரு விதி உண்டு. தீனி போடுகிற ஆளை மீன் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. மனிதனைக் கண்டு ஓடுகிற மீன்தான் கடலில் பிழைக்கும்.

அக்காவின் பொறுப்பில் ஒரு தொட்டி, நாலாயிரம் குஞ்சு. அவள் இரண்டு மாதமாக, தீனி போடுமுன் எவர்சில்வர் கரண்டியால் அதன் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டினாள்.

"ஏன்க்கா?"

"சும்மா போட்டா பாதித் தீனி அடியில போய் அழுகுது. தட்டினா எல்லாம் மேல வந்துடுதுடா. அவ்ளோ சமத்து."

3.

இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவை. பண்ணை மேலாளருக்கு முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நிஜத்தில் அவர் எப்போதும் சளிபிடித்திருக்கும் நல்ல மனிதர். கடலில் விடுவதற்குப் பத்து நாள் முன்பு அக்காவின் தொட்டியை எட்டிப் பார்த்தார். கையிலிருந்த பேனா விளிம்பில் பட்டது. நாலாயிரம் மீனும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து நின்றன.

"இதுங்கள கடல்ல விட்டா, முதல் படகுச் சத்தத்துக்கே வலைக்குள்ள போய் உக்காந்துக்கும்மா" என்றார். "பத்து நாள்ல பயப்படக் கத்துக்கணும். இல்லேன்னா சந்தைக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

அக்கா அழுதாள். (அவள் இதை மறுக்கிறாள். தொட்டித் தண்ணீர் தெறித்ததாம். அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன், திருப்தியா அக்கா?)

4.

மூன்று தட்டுத் தட்டுவாள். அவை மேலே வந்ததும் துடைப்பத்தால் தண்ணீரை விளாசுவாள். தீனி பிறகுதான், மறைப்புக்குப் பின்னாலிருந்து, சத்தமில்லாமல். ஏழு நாள் அடியை வாங்கிக்கொண்டும் வாயைத் திறந்தன. "நம்பாதீங்கடி* என்னை!" என்று கத்திக்கொண்டே அடித்தாள்.

எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். "உன் மூஞ்சியக் கொஞ்சம் தொட்டிக்கு மேல நீட்டு."

நாலாயிரமும் அடியில் பதுங்கின. என் எழுத்துக்குக்கூட இத்தனை சீக்கிரம் விமர்சனம் வந்ததில்லை.

பத்தாம் நாள் மேலாளர் கரண்டியை வாங்கித் தட்டினார். ஒன்றும் மேலே வரவில்லை. "சரி, கடலுக்கு" என்றார். அக்கா தட்டிப் பார்க்கவில்லை.

"ஏன்?"

"நான் தட்டி வந்துட்டா, சந்தை. வரலேன்னா..." அந்த வாக்கியத்தை அரைகுறையாக விட்டது நானல்ல.

* கொடுவா வளர்ந்து ஆளாவது ஆணாக. வயதேறியபின் பெண்ணாக மாறும். அக்கா முன்கூட்டியே 'டி' போட்டுவிடுகிறாள்.

5.

முடிவு ஒன்று: மீன்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஆழத்தில் மறைகின்றன. அக்கா படித்துவிட்டு, "மீனுக்குக் கழுத்தே கிடையாது, எப்படிடா திரும்பிப் பாக்கும்?" என்றாள். அடித்தாயிற்று.

முடிவு இரண்டு: சந்தையில், பனிக்கட்டியின் மேல் கிடந்த ஒரு கொடுவா, கரண்டிச் சத்தம் கேட்டு... சீ.

நடந்தது இவ்வளவுதான். காலை பத்து மணி. படகிலிருந்து குழாய் வழியாக நாலாயிரமும் கடலில் இறங்கின. போகவில்லை. படகு நிழலிலேயே சுற்றின. அக்கா பையிலிருந்து கரண்டியை எடுத்தாள். தட்டி, அவை சிதறி ஓடினால் பிழைத்துக்கொள்ளும். அவளுடைய இரண்டு மாதம் அதோடு போச்சு. வாயைத் திறந்துகொண்டு வந்தால், இனி எந்தப் படகு தட்டினாலும் வரும்.

"தட்டினியா?" என்று கேட்டேன்.

"அத மட்டும் எழுதாதே."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேச்சைக் கேட்கிறேன். நாலாயிரமும் இன்னும் அங்கேயேதான் சுற்றுகின்றன. இந்தாருங்கள், கரண்டி. பார்த்துப் பிடியுங்கள், படகில் இடித்துவிடப் போகிறீர்கள்.