அப்பாவும் வந்திருந்தார்

வேதியியலில் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஓடிவிட்டது. பாப்பா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இருபத்திரண்டு வயதாகியும் உதிரவில்லை. போன இடத்திலெல்லாம் "அனுபவம் இருக்கா?" என்றார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

அன்று ஒரு பெயின்ட் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்க ஆள் எடுத்தார்கள். படிப்புக்கு அரைகுறைச் சம்பந்தம்தான். ஆனாலும் போனாள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரம், தேய்த்த சட்டையும் மடியில் ஃபைலுமாக, அப்பா உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இங்க? டியூட்டிக்குப் போகல?"

"மில்லுல போன மாசமே ஆளக் கொறைச்சுட்டாங்க பாப்பா. ஸ்டோர்ல என்னையும் சேத்து நாலு பேரு. அம்மாகிட்ட வாயத் தொறந்துடாத."

"அப்ப தெனமும் காலையில எங்கதான் போனீங்க?"

"நீ போற மாதிரிதான். வேலை தேடி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்து நாற்காலியில் உட்காராமல், "நான் கெளம்பறேன், நீங்க பாருங்க" என்றாள்.

"உக்காரு. நீ விட்டுக்குடுத்துக் கெடைச்ச வேலைன்னா எனக்குச் சோறு எறங்காது."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் குசுகுசுவென்று பேசத் தொடங்கிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டால் மழுப்பாதீர்கள், கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள் என்றாள் அவள். பேசும்போது தரையில் என்ன தேடுகிறாய், நிமிர்ந்து பார் என்றார் அவர்.

அப்பா முதலில் போய்விட்டு வந்தார். அடுத்து அவள். மேலாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வெளிய உங்களோட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரே, யாரு அவரு?"

"எங்க அப்பா, மேடம்."

"இருக்கறது ஒரு வேலை. யாருக்குக் குடுக்கலாம்?"

"கேள்வி கேட்டு நீங்களே முடிவு பண்ணுங்க, மேடம். நான் விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு வெளிய உத்தரவு."

மேலாளர் சிரித்துவிட்டார். பெயின்ட்டில் கலக்கும் தின்னரை எங்கே அடுக்கலாம், எது வெயில் படாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார். பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

வேலை அப்பாவுக்குத்தான் கிடைத்தது. "எங்க கம்பெனி ஆய்வுக்கூடத்துல ஆள் கேட்டா கூப்பிடறேன்" என்று அவளிடம் சொன்னார் மேலாளர். அதை அவள் எத்தனையோ இடங்களில் கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தை உடைத்தார். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு மாசமா சட்டையில ஒரு பஞ்சுகூட ஒட்டல. தொவைக்கறவளுக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்."

மறுவாரமே கிடங்கிலிருந்து போன் வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் நீண்ட விடுப்பில் போகிறாராம். ஆறு மாதத்துக்கு ஆள் வேண்டுமாம். அப்பா கட்டிலில் சம்மணமிட்டு அதிகாரியாக உட்கார்ந்து அவளைக் கேள்விகளால் துளைத்தார். உண்மையான அதிகாரி அவ்வளவு கடுமையாக இல்லை. வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் அப்போது கேட்கவில்லை.

இப்போது காலையில் குளியலறைக்கு யார் முதலில் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் தகராறு. அம்மாதான் கரண்டியும் கையுமாக வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.