பட்டினி போட்ட பாசி

கடலுக்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காத ஆள் செண்பகனூரில் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. தண்ணீரில் உப்பைக் கரைத்து, பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் தொட்டி கட்டிக் கடல் நுண்பாசி வளர்க்கிறோம், அவ்வளவுதான். பாசி முதலில் உரம் தின்று பச்சையாகப் பெருகும். பிறகு உரத்தை அடியோடு நிறுத்தி, உப்பைக் கூட்டி, மலை வெயிலில் வாட்டினால், தன்னைக் காத்துக்கொள்ள ஆரஞ்சு நிறச் சத்து ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சத்துக்காகத்தான் இறால் தீவனக்காரர்கள் வாங்குகிறார்கள்.

முதல் லாட் சரக்கை எடுக்கத் தூத்துக்குடியிலிருந்து தீவனக் கம்பெனி டிக்சன் வருவதாக இருந்தது. பாசி பச்சையாக இருந்தால் தொடமாட்டார். அவர் எடுக்காவிட்டால் கொட்டகையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். நானும் கூட வேலை பார்க்கும் பொன்னுச்சாமி அண்ணனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தங்கச்சி மகள் சர்ச்சில் புதுநன்மை வாங்கும் விசேஷத்துக்குத் திண்டுக்கல் போய்த் திரும்பினால், ஆரஞ்சை நோக்கி மஞ்சளாகி வந்த தொட்டிகள் மறுபடி பச்சைப்பசேல் என்று கிடந்தன. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"என்ன பண்ணித் தொலைச்சீங்கண்ணே?"

"மஞ்சளடிச்சுக் கெடந்துச்சுங்க மேடம். பாவமா இருந்துச்சு. கொஞ்சம் உரம் போட்டேன்."

"பாசிக்குப் பாவம் பாத்தீங்களா? படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன்!"

அவர் தலை நிமிரவில்லை.

"பள்ளங்கியில என் தோட்டத்துப் பூண்டும் இப்படித்தாங்க மஞ்சளடிச்சுச்சு. அந்த வருசம் மழையில பாதை சரிஞ்சு உர வண்டி வரல. தெனம் வெள்ளனே போயிப் பாத்துக்கிட்டே நின்னேன். கண்ணு முன்னாடியே எல்லாம் போச்சு. இங்க கையில உரம் இருக்கு. எப்படிங்க சும்மா நிக்கிறது?"

எனக்கு ஆத்திரமும் அடங்கவில்லை, அந்த மனுஷனைப் பார்க்கவும் சகிக்கவில்லை. டிக்சனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன்.

"ரெண்டு வாரம் தர்றேன் மேடம். அப்பவும் பச்சைன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

போனை வைத்ததும் பொன்னுச்சாமி அண்ணன் கொட்டகைச் சாவியை நீட்டினார். "நீங்களே வச்சுக்கிருங்க. என்னை நம்பாதீங்க. பாத்தா மறுபடி போட்ருவேன்."

அன்றிலிருந்து அவர் உள்ளே கால் வைக்கவில்லை. உப்பு மூட்டை சுமந்தார், பாசி வடிக்கும் துணிகளை அலசினார். தினமும் காலையில் வாசலில் நின்று, "ரொம்பக் கஷ்டப்படுதாங்க?" என்று கேட்பார்.

"நல்லாக் கஷ்டப்படுது, போங்கண்ணே சோலியைப் பாத்துக்கிட்டு!" என்று விரட்டுவேன். உள்ளே வந்தால் எனக்குமே அந்தப் பாசியைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும். எல்லாம் அவரால் வந்த வினை.

டிக்சன் வந்த அன்று தொட்டி முழுக்க ஆரஞ்சு. கண்ணாடிக் குப்பியில் மொண்டு பார்த்தவர், மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பொழச்சோம்ணே, உள்ள வாங்க!" என்று கத்தினேன்.

அவர் தயங்கித் தயங்கி வந்தார். வடித்தது போக, அடுத்த லாட்டுக்கு விதையாக அடியில் கொஞ்சம் விட்டிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு இனிமே போடலாமுங்களா?"

"போடுங்கண்ணே," என்று உர டப்பாவை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன். அளந்து போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.