கட்டியக்காவின் அண்ணி

ரவிக்கை பெரிதாகிவிட்டிருந்தது. நாலு மாதத்துக்கு முன் அண்ணிக்குப் பிடிப்பாக இருந்த அதே ரவிக்கை. இப்போது தோளில் நிற்காமல் நழுவியது. பிணவறைக்கு அடுத்த சின்ன அறையில் நர்ஸ் உடலைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நாத்தனார் முதுகுப் பக்கம் துணியை மடித்து ஊக்குக் குத்தினாள். முனை தோலில் பட்டுவிடக் கூடாதென்று தன் விரலை உள்ளே கொடுத்துக்கொண்டாள். அவசரமில்லை, மெதுவாகச் செய்யுங்கள் என்றாள் நர்ஸ், அந்த ஊர் மொழியில்.

மார்பின் இடப்பக்கம் கட்டு அப்படியே இருந்தது. அதை அவிழ்க்க வேண்டாம் என்று நாத்தனார் முன்பே சொல்லிவிட்டாள்.

அந்தக் குடியிருப்பில் நாத்தனாருக்குக் கட்டியக்கா என்று பெயர். நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள், பிழைப்புக்காக வந்தவர்கள் என்று தன் மொழி பேசும் பெண்கள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் போய், மார்பில் வரும் புற்றுநோயைப் பற்றிச் சொல்வதற்கு ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு வைத்திருந்தது. பையில் ஒரு ரப்பர் மார்பு இருக்கும். உள்ளே மூன்று கட்டிகள். தொட்டுத் தேடச் சொல்வாள். ஆரம்பத்தில் அவள் தலை தெரிந்தாலே பெண்கள் லிஃப்டுக்குள் புகுந்துகொள்வார்கள். "கட்டியக்கா வர்றா, இழுத்துப் போர்த்திக்கோடி" என்று சிரிப்பார்கள். ஆறு வருஷத்தில் பெயர் நிலைத்தது, சிரிப்பு போய்விட்டது.

மாதம் ஒரு சனிக்கிழமை பொதுக்கூடத்தில் கூட்டம் நடக்கும். வருகிறவர்களுக்கு டீ போடுவது அண்ணி. போட்டுவிட்டுக் கடைசியில் சுவரோரமாக நின்று கேட்பாள். கட்டியக்கா எங்காவது ஒரு வார்த்தைக்குத் திணறினால் அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பாள்.

அந்த அண்ணிதான் பதினோரு மாதம் வாயைத் திறக்கவில்லை. துவைக்கப் போட்ட உள்பாடியில் கறையைப் பார்த்துவிட்டுக் கட்டியக்கா கேட்டபோதும், "வெந்நீர் கொட்டிடுச்சு" என்றாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தபோது ரப்பர் மார்பில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. அது கட்டி என்கிற கட்டத்தைத் தாண்டிப் புண்ணாகியிருந்தது.

ஸ்கேனுக்காகக் காத்திருந்த பெஞ்சில் வைத்துக் கட்டியக்கா கேட்டாள்.

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லலை?"

"இந்த நாட்டுல தங்க அனுமதி கேட்டு உங்கண்ணன் போட்ட கேஸ் அப்பத்தான் விசாரணைக்கு வந்திருந்துச்சு. பொண்டாட்டி சீக்காளின்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. தாள் கைக்கு வரட்டும்னு இருந்தேன்."

"அப்படியெல்லாம் இல்லை அண்ணி."

"நீ ஒரு கூட்டத்துலயும் இல்லைன்னு சொல்லலையே."

குற்றமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைகிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை மடிக்க ஆரம்பித்தாள்.

உண்மைதான். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது அதைக் கேட்பார்கள்: டாக்டரிடம் போனால் கேஸ் கெட்டுவிடுமா? கட்டியக்காவுக்கு நிச்சயமாகத் தெரியாது. "அதை அப்புறம் பேசலாம்" என்று திரையில் அடுத்த படத்துக்குப் போய்விடுவாள். பெஞ்சில் பேசிய மறுநாள் வக்கீலைக் கூப்பிட்டாள். வைத்தியம் பார்ப்பதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் வக்கீல்; கேட்டதும் எழுதியும் அனுப்பினார். நாலு நிமிஷப் பேச்சு.

தாள் வந்தபோது அண்ணி வார்டில் படுத்திருந்தாள். கட்டியக்கா அதற்கப்புறம் கூட்டம் போடவில்லை. கேட்டவர்களிடம் லீவு என்றாள். காரியமெல்லாம் முடிந்ததும் பையை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்து வேலையை விட்டுவிடுவதென்று மனதுக்குள் முடிவுசெய்திருந்தாள்.

மதியம் அஞ்சலிக் கூடத்தில் உடலை வைத்தார்கள். அண்ணன் தலைமாட்டில் இரவல் கோட்டோடு நின்றார். யார் கைகொடுத்தாலும் கொடுத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் ஓடிவந்ததுபோல, அண்ணி வேலைபார்த்த ஓட்டல் லாண்டரியிலிருந்து எட்டுப் பெண்கள் நீலச் சீருடையிலேயே வந்தார்கள். எட்டுப் பேரில் ஒருத்திக்கு மட்டும்தான் இவர்களுடைய மொழி தெரியும். இஸ்திரி போடுகிறவள்.

"நீங்கதானே நாத்தனார்? சொல்லியிருக்காங்க. நீங்க சொன்னதைத்தான் எங்களுக்கும் சொல்றதா சொல்லுவாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அதாங்க, தடவிப் பார்க்கிறது. துண்டை எட்டா மடிச்சு நடுவுல ஒரு பட்டனை வெச்சிடுவாங்க. கண்ணை மூடிக்கிட்டுத் தேடுங்கடீன்னு விடுவாங்க. பாஷை தெரியாதவளுக்கும் அது புரிஞ்சுடும். எங்க ஷிஃப்டுல ஏழு பேர் போய்ப் பரிசோதனை பண்ணிட்டு வந்தாங்க." நெட்டையாக, தலையில் துணி சுற்றியிருந்த ஒருத்தியைக் காட்டினாள். "அவளுக்கு இருந்துச்சு. ஆரம்பத்துலயே எடுத்துட்டாங்க. இப்ப மறுபடி வேலைக்கு வர்றா."

"இதெல்லாம் எப்ப?"

"போன வருஷம் மழைக்காலத்துல."

கட்டியக்கா மாதங்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். அப்போது அண்ணிக்குத் தெரிந்திருக்கும்.

"நீங்க போனீங்களான்னு அவங்களை நாங்க யாரும் கேட்கலை. சொல்லிக் கொடுக்கிறவங்களைப் போய் யாருங்க கேட்பா?" என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

நெட்டைப் பெண் பக்கத்தில் வந்தாள். பேசுவதற்கு இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. கட்டியக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மற்றவர்களோடு போய் நின்றுகொண்டாள். இஸ்திரி போடுகிறவள் மட்டும் போகவில்லை.

"அந்த ஏழு பேர்ல நான் இல்லைங்க" என்றாள், குரலை இறக்கி. "போன வாரம் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டுச்சு. உங்க அண்ணியை வந்து பார்த்துச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. எங்க கேஸ் இன்னும் முடியலை. டாக்டர்கிட்ட போனா அது கெட்டுடுமா?"

"கெடாது. வக்கீலைக் கேட்டுட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. எழுதியே வாங்கி வெச்சிருக்கேன்."

"எப்பக் கேட்டீங்க?"

கட்டியக்கா அவள் பக்கம் நெருங்கி நின்றாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

அவள் கை தானாக வலது அக்குளுக்குப் போனது. கட்டியக்கா அவளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவோரம் போய், செல்போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு ஓடியது. முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. வெளியே கறுப்பு வண்டி வந்து வாசலை அடைத்துக்கொண்டு உறுமியபடி நின்றது.

அண்ணன் வந்தார். "வண்டி வந்துடுச்சும்மா. கிளம்பணும்."

கட்டியக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். அண்ணன் அவளைப் பார்த்தார். பக்கத்தில் நீலச் சீருடையில், ஒரு கையால் மறுபக்கத்து அக்குளைப் பொத்திக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். டிரைவர் பக்கம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார்.

என்ஜின் சத்தம் நின்றது.