கண்ணாடியில் உம்மாவின் முகம்

ஸவாஹிராவின் மகள் றமீலாவுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது; அதனால் பேச்சும் வரவில்லை. எது நல்லது, எது பொல்லாதது என்பதை அவள் உம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். உம்மா சிரித்தால் எல்லாம் சரி. முகம் மாறினால் போதும், அலறிக்கொண்டு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, கைக்குழந்தையான மகனை மாமியிடம் விட்டுவிட்டு, இருவரும் பதுளை டவுனுக்கு மேலே இருந்த காட்டுப் பூங்காவுக்குப் போனார்கள். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, அங்கே பூட்டிக் கிடந்த காவலாளி வீட்டைத் திருத்தி 'இயற்கை நிலையம்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். பஸாரில் புடவைக் கடை வைத்திருந்த ஷுக்ரிதான் மனைவியைப் போகச் சொன்னான்.

"வண்ணத்துப்பூச்சி நெறைய ஈக்காம். புள்ளைக்குக் காட்டிட்டு வா."

முதல்நாள் பெய்த மழையில் பாதையெல்லாம் ஈரம். அட்டை ஏறிவிடுமே என்று ஸவாஹிரா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மரங்கள் வெளிச்சத்தை மறைத்து நின்றன. கீழே பஸ்கள் ஹோர்ன் அடிக்கும் சத்தம் கேட்டபடி இருந்தது. அதுதான் அவளுக்கு ஒரே தைரியம்.

நிலையத்தை அன்றைக்குப் பார்த்துக்கொண்டவர் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், டவுன் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவர். சனிக்கிழமைகளில் சும்மா வந்து நிற்பார். அவர் முன்னறையில் ஒரு பெரிய குளவிக்கூட்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, றமீலா மெல்ல நழுவி உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"அங்க என்ன ஈக்கி சேர்?"

"வண்ணத்துப்பூச்சி அலுமாரி. பிறகு கண்ணாடிப் பெட்டியில ஒரு விரியன் பாம்பு. பயப்பிடாதேங்கோ தங்கச்சி, மூடி கிடக்கு."

பாம்பு என்ற சொல்லைக் கேட்டதுமே ஸவாஹிரா உள்ளறைக்கு விரைந்தாள். அதன் வாசலை எட்டும்போது ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போல, நின்று நின்று, கனமான சீறல்.

பெட்டியின் வலைமூடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

றமீலா வாசலுக்கு முதுகைக் காட்டி, அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், சீமெந்துத் தரையில் பாம்பு சுருண்டு கிடந்தது. உடம்பு உப்பி உப்பி அடங்கியது. அது விடாமல் சீறியது. பிள்ளைக்கு அது கேட்கவில்லை. ஒரு நீல வண்ணத்துப்பூச்சியின் மேல் கண்ணாடியோடு விரலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த சிற்றம்பலம் அதைக் கண்டதும் குரல் உடைந்து, "பிள்ளை, அசையாதை! அப்பிடியே இரு!" என்றார்.

"அவளுக்குக் காது கேக்காது சேர்."

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "அல்லாஹ்வே" என்று ஸவாஹிராவின் உதடு மட்டும் அசைந்தது. வீட்டில் மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் காலால் தரையை ஓங்கி மிதிப்பாள். அதிர்வு பட்டதும் பிள்ளை திரும்பிவிடும். பழக்கத்தில் கால் தானாக எழுந்தது.

"ஐயோ, மிதிக்காதேங்கோ! அதிர்ந்தால் கொத்திப்போடும்," என்று கிசுகிசுத்த சிற்றம்பலம், சுவரில் சாத்தியிருந்த, பாம்பு தூக்கும் கொக்கித் தடியை எடுக்க நகர்ந்தார்.

தூக்கிய காலை அவள் பஞ்சு போல இறக்கினாள். பிள்ளை இப்போது எழும்பினால், ஒரு எட்டு பின்னால் வைத்தால், எல்லாம் முடிந்தது.

அப்போதுதான் அலுமாரிக் கண்ணாடியில் தன் சேலையின் சிவப்பு மங்கலாகத் தெரிவதைக் கண்டாள். மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தாள். இன்னும் கொஞ்சம். மகளின் முகத்துக்கு மேலே தன் முகம் கண்ணாடியில் வந்து நின்றது.

றமீலா விரலை நிறுத்தினாள். கண்ணாடியில் உம்மாவைப் பார்த்தாள்.

ஸவாஹிரா சிரித்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு பாடுபட்டுச் சிரித்ததில்லை. முகத்தை அப்படியே பிடித்துவைத்து, கன்னத்தைக் கையில் சாய்த்துக் காட்டினாள். தம்பி தூங்குகிறான், அசையாதே என்று வீட்டில் காட்டும் சைகை அது. றமீலா கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கல்லாய் இருந்தாள்.

சிற்றம்பலம் சுவரோடு சுவராக நெருங்கினார். முதல் தரம் கொக்கி வழுக்கிவிட்டது. பாம்பு தடியை எட்டி ஒரு கொத்துக் கொத்தி, உடம்பை இழுத்துக்கொண்டு பிள்ளையின் பக்கமே போனது. சட்டை ஓரத்தை உரசியது. றமீலாவின் தோள் சிலிர்த்தது. என்ன அது என்று கேட்பதுபோல் உம்மாவைத் தேடினாள்.

ஸவாஹிரா சிரிப்பை விடவில்லை. கண்ணீர் வழிந்து வாய்க்குள் உப்பாக இறங்கியது. அது கண்ணாடியில் தெரிந்துவிடக் கூடாதே என்று மன்றாடினாள்.

இரண்டாம் தரம் கொக்கி மாட்டியது. சிற்றம்பலம் பாம்பைத் தூக்கி மூலையிலிருந்த குப்பைத் தகரத்தில் போட்டு, மூடியை அழுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே அது தடதடவென்று அடித்தது.

ஸவாஹிரா பாய்ந்து மகளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். படியில் விழுந்த மாதிரி உட்கார்ந்து, சின்னக் கால்களைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளையும் வீரிட்டழுதது.

சிற்றம்பலம் வாசலில் வந்து நின்றார். "காலமை பாம்புக்குத் தண்ணி மாத்தினனான். மூடியின்ரை கொழுக்கியைப் போட மறந்திட்டன் தங்கச்சி. என்ரை பிழைதான்."

ஸவாஹிரா மகளை அணைத்தபடி சும்மா தலையாட்டினாள்.

அழுகை ஓய்ந்ததும் றமீலா கையால் கேட்டாள்: தம்பி எங்கே? தூங்கினானே?

ஸவாஹிரா முழங்கையை வளைத்து, விரல்களைக் குவித்துப் பாம்பு போல நெளித்துக் காட்டினாள். பிள்ளையின் கண் விரிந்தது. தன் காலைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே கையைக் காட்டி, வா, போய்ப் பார்ப்போம் என்று சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும்டி ராசாத்தி," என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, ஸவாஹிரா அவளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, நல்ல பாரம். ஆனாலும் ரோட்டை அடையும்வரை அவளை இறக்கிவிடவே இல்லை. பாதையில் கிடந்த ஒவ்வொரு சருகையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.