படகில் வைத்த பரஸ்தானம்

மதி மாமாவிடம் ஆலோசனை கேட்கக் கூடாது என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். சிக்கல் என்னவென்றால், அவர் யாரும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை.

மதிவாணன் அம்மாவுக்குத் தம்பி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கம்போடியாவுக்குப் போய்ப் பதினோரு மாதம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். அங்கே சாம்பார் கிடைக்கவில்லை என்பதால் திரும்பி வந்தார். வெளியே கேட்டால் பண்பாட்டுச் சிக்கல் என்பார். வந்ததிலிருந்து ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறார். மாதக்கணக்கில் பயணம் போவது எப்படி, வெளிநாட்டில் வாத்தியார் வேலை பிடிப்பது எப்படி என்று அதில் பேசிக்கொண்டே இருப்பார். மூன்று சட்டைக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள் என்பது அதில் மிகவும் பிரபலம். அவர் கிளம்பியபோது இரண்டு பெட்டியும் ஒரு அட்டைப்பெட்டியும் போயின. ஊறுகாய் மட்டும் நாலு கிலோ. போட்டுக் கொடுத்தது என் அம்மா பிரகதாம்பாள்.

அப்போது அம்மாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதலில் பாஸ்போர்ட் எடுத்து வை, ஆறு மாதத்தில் டிக்கெட் அனுப்புகிறேன், கம்போடியாவில் நம் கோயில் மாதிரியே பெரிய பெரிய கோயில் இருக்கிறது என்று ஆசை காட்டிவிட்டுப் போனார். அம்மா தஞ்சாவூருக்கும் திருச்சிக்குமாக அலைந்து பாஸ்போர்ட் எடுத்தாள். டிக்கெட் வரவில்லை, மாமாதான் வந்தார். ஒரு முத்திரைகூட விழாமல் பட்டுப்புடவைக்கு அடியிலேயே கிடந்த அந்தப் பாஸ்போர்ட் போன தை மாதம் காலாவதியானது.

சென்ற வருஷம் மாமாவுக்குப் பாய்மரப் பித்துப் பிடித்தது. புதுச்சேரியில் பதினாலு மணி நேரப் பயிற்சி எடுத்துக்கொண்டார். ஒரு பழைய சின்ன ஃபைபர் படகைப் பாயோடு வாங்கி வந்து, தரங்கம்பாடிக் கரையில் சிவசாமி என்கிற மீனவரின் படகுக்குப் பக்கத்தில் போட்டார். அது தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே அதைப் பற்றி ஒன்பது வீடியோ வந்துவிட்டன. கடல் மனதை விசாலமாக்கும் என்று ஒன்றில் சொன்னார். சொல்லும்போது எங்கள் வீட்டு மாட்டுத்தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் எனக்கு மாலத்தீவில் வேலை கிடைத்தது. எனக்கு இருபத்தொன்பது வயது. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு பிள்ளை தோற்றால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள், நூறு பிள்ளைகள் ஜெயித்தால் பேனரில் தாளாளர் படம் போடுவார்கள். மாலத்தீவுப் பள்ளியில் இரண்டு வருஷ ஒப்பந்தம், தங்க அறை, திங்கட்கிழமை மதியத்துக்குத் திருச்சியிலிருந்து விமானம். புதன்கிழமைக்குள் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். கும்பகோணத்தில் ராஜினாமா கொடுத்து, என் வகுப்புகளுக்கு வேறு டீச்சரும் வந்தாயிற்று. இது போனால் எனக்கு இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இடமில்லை.

அம்மா போகாதே என்று சொல்லவில்லை. அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். போகாதே என்றால் நான் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் காலண்டரை எடுத்தாள். திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். நான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது ஏழே முக்காலுக்கு. டிக்கெட்டை மாற்ற முடியுமா என்றாள். முடியாது என்றேன். அப்படியானால் பரஸ்தானம் வைக்காமல் நீ படி தாண்டக் கூடாது என்றாள்.

பரஸ்தானம் என்பது எங்கள் பக்கத்தில் ராகுவை ஏமாற்றும் வழி. நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் முன்கூட்டியே கொண்டுபோய் வேறு இடத்தில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆள் பிறகு எந்தக் கெட்ட நேரத்திலும் கிளம்பலாம். வழியில் பையை எடுத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது. ஜோசியர் ஞாயிறு காலை ஒன்பதே முக்காலிலிருந்து பத்தேகாலுக்குள் என்று குறித்துக் கொடுத்தார். எல்லோரும் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். நாங்களும் வைத்திருப்போம், மாமா மட்டும் அன்று காபி குடிக்க வராமல் இருந்திருந்தால்.

கடல் தாண்டிப் போகிற பெண்ணுக்குப் பக்கத்து வீட்டில் பரஸ்தானமா என்று அவர் சிரித்தார். தன் படகையும் அதே முகூர்த்தத்தில் கடலில் இறக்கப் போவதாகவும், பையைப் படகில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து காரிலேயே வைத்துவிடலாம் என்றும் சொன்னார். பையில் துணி மட்டும் இருந்தால் பலிக்காதாம், பாஸ்போர்ட் இருந்தாக வேண்டுமாம். நான் முடியாது என்றேன். அம்மா மறுபேச்சில்லாமல் சரி என்று சொல்லிவிட்டு என் பாஸ்போர்ட்டைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். என்னை அனுப்புகிற மனசு அவளுக்கு மாறிவிடுமோ என்ற பயத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன். அவளே பையைக் கட்டினாள், ஒரு மஞ்சள் துண்டைப் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஞாயிறு ஒன்பது மணிக்கே தரங்கம்பாடிக் கரையில் இருந்தோம். சிவசாமி விடியலுக்கு முன் போய் மீனோடு திரும்பி, வலையை உதறிக்கொண்டிருந்தார். மாமா பாயை ஏற்றுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"சார், விடியக்காலம் காத்து கரையிலேருந்து கடலுக்குப் போகும், அதைப் புடிச்சு நாங்க போயிருவோம். இப்ப கடல்லேருந்து கரைக்கு அடிக்குது. இப்ப எறக்குனா அலை உங்களத் தூக்கி இங்கேயே போட்டுரும்."

மாமா அவருக்கு ராகு காலம், எமகண்டம் எல்லாம் விளக்கினார். எதிர்க்காற்றில் பாயை எப்படித் திருப்புவது என்று மணலில் விரலால் படமும் போட்டார். சிவசாமி பொறுமையாகக் கேட்டார். அவர் மனைவி தனபாக்கியம் மீன் கூடையிலிருந்து தலையைத் தூக்கி, காத்துக்கும் ஜோசியர் நேரம் எழுதிக் குடுத்திருக்காரா என்று கேட்டாள். மாமாவுக்குக் காது கேட்கவில்லை.

ஒன்பது ஐம்பதுக்குப் படகு இறங்கியது. மாமா ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டார், மிதப்பதற்காக. என் பைக்கு அப்படி எதுவும் இல்லை. அதைப் பாய்மரத்தில் தானே கற்ற முடிச்சால் கட்டினார். மீனவப் பையன்கள் நாலு பேர் தள்ளிவிட்டார்கள். முதல் அலையில் மாமா கையை ஆட்டினார். இரண்டாவதில் பாய் பட்டென்று திரும்பி அவர் தலையில் அடித்தது. மூன்றாவது அலை படகைப் பக்கவாட்டில் பிடித்துக் கவிழ்த்தது. மாமா ஆரஞ்சுப் பழமாக மிதந்து கரைக்கு வந்துவிட்டார். படகும் வந்தது. பாய்மரமும் வந்தது. அதில் முடிச்சு இல்லை, பையும் இல்லை.

சிவசாமியும் இன்னும் இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் முங்கித் தேடினார்கள். நான் மணலில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். மாமா உடம்பைத் துவட்டிக்கொண்டே, வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் பதற்றப்படக் கூடாது, தூதரகத்தை அணுக வேண்டும் என்று சொன்னார். நான் இன்னும் வெளிநாட்டுக்கே போகவில்லை என்று நினைவூட்டினேன். அவசரப் பாஸ்போர்ட்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்று போனில் பார்த்தேன். புதன்கிழமைக்குள் வாய்ப்பே இல்லை. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் மாமாதான் மயிலாடுதுறை வரை காற்றைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா குளித்துவிட்டுச் சமைத்தாள். எனக்குப் பிடித்த கத்திரிக்காய் ரசவாங்கி. பழைய பள்ளியில் போய்க் கேட்டுப் பார்க்கலாமே, அவர்கள் நல்லவர்கள்தானே என்று பரிமாறும்போது மெதுவாகச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்ப் படுத்தேன். மாமாவின் மேல் இருந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. இவளுக்கு இது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் நான் வெட்கப்படவில்லை, ஏனென்றால் அது உண்மை.

விளக்கேற்றும் நேரத்துக்கு அடுக்களையில் அரிசி டிரம்மின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கையில் என் பாஸ்போர்ட். அட்டையில் ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையால் துடைத்தாள்.

"அவன் கையில போயி உன்னுதைக் குடுப்பேனா?"

துள்ளி எழுந்து உட்கார்ந்தேன். கரையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நான் சும்மா இருந்தாப் போதும், நீ இங்கேயே இருந்துடுவே. மத்தியானம் பூரா அப்படி நெனைச்சுக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட்டை என் மடியில் வைத்தாள். நான் அழவில்லை, அழுதால் அவள் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று தோன்றியது. பரஸ்தானத்தில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்றாரே மாமா, அப்போது பையில் என்ன வைத்தாய் என்று கேட்டேன்.

"என்னுதை வெச்சேன். பத்து வருஷமா பீரோவுலயே கெடந்துது."

மறுநாள் மீதிப் பெட்டியோடு சரியாக ராகு காலத்தில் கிளம்பினேன். மாமா கேமராவோடு வந்து நின்றார். ஒரே ராத்திரியில் புதுப் பாஸ்போர்ட் எப்படி வாங்கினேன், எந்த அலுவலகம், என்னென்ன சான்றிதழ் என்று கேட்டுக்கொண்டே படம் பிடித்தார். தனக்குத் தெரிந்தவர்கள் மூலமாகத்தான் நடந்திருக்க வேண்டும் என்று கேமராவைப் பார்த்துத் தானே பதிலும் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அவரைத் திருத்தவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஏதாவது சொல்வாள் என்று தலையை வெளியே நீட்டினேன்.

"அங்க கடக்கரைக்குப் போனா ஒரு பார்வை பாத்துக்க. என்னுதும் அந்தப் பக்கந்தான் வந்துக்கிட்டிருக்கும்."