இல்லாத நாற்காலியின் முப்பத்தொரு பழுதுகள்

1

இந்தக் கதை ஒரு நாற்காலியிலிருந்து பிறந்தது என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் அப்படி ஒரு நாற்காலியே கிடையாது என்பதால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் என் அக்கா போன் செய்தாள். ஐந்து நிமிடம் விடாமல் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் "நாற்காலி", "விருது", "செத்தேன்" என்று மூன்று சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டேய், நிஜமாவே மாட்டிக்கிட்டேன்டா" என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

2

முறையாக ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் சூரியன் மெல்ல..."

வேண்டாம். சூரியனுக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று:

"பொறியியல் என்பது மனித குலத்தின்..."

இதைப் படித்தால் அக்கா உதைப்பாள். நேராகவே வருகிறேன். அக்கா ஒரு பெரிய பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவு இன்ஜினீயர். செய்து முடித்த பம்புகளை ஓடவிட்டு, நல்லதா கெட்டதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. பழைய மெக்கானிக்குகள் ஓடுகிற மோட்டாரின்மேல் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் சத்தத்தில் தெரிந்துவிடும். அந்த வேலையைத் தீப்பெட்டி அளவு கருவி ஒன்று செய்தால் என்ன என்று மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் தோன்றியது. பம்பின்மேல் ஒட்டிவிட்டால் போதும், ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பேரிங் போகப்போகிறது என்றால் சிவப்பு விளக்கு எரியும். ஓர் ஆஸ்பத்திரியில் பம்ப் திடீரென்று நின்று, ஒரு நாள் முழுக்கக் கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் எல்லாரும் திண்டாடியதை அவள் நேரில் பார்த்தவள். கருவிக்குக் 'காது' என்று பெயர் வைத்தாள்.

காது நான்கு தடவையில் மூன்று தடவை சரியாகச் சொல்லும். நான்காவது தடவை, பக்கத்தில் நின்று யாராவது பாட்டு முணுமுணுத்தால்கூடச் சிவப்பு காட்டும்.

[ஓரத்தில் அக்கா, சிவப்பு மையில்: பாட்டுன்னு எழுதாதே. குறிப்பிட்ட அதிர்வெண்ணுன்னு எழுது.]

[நான்: பாட்டுதான். முணுமுணுத்தவன் நான்தான்.]

3

அக்காவின் கம்பெனியும் பக்கத்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு புத்தாக்க மையம் கட்டியிருக்கின்றன. உள்ளேயிருந்தே புதுமைகள் பொங்கி வரவேண்டும் என்று ஏற்பாடு. கண்ணாடிச் சுவர், தரையில் கலர் கலராக மெத்தைகள், எங்கே பார்த்தாலும் ஒட்டுத்தாள்கள். வாசலில் ஒரு பித்தளை மணி. யாருக்காவது புது யோசனை வந்தால் ஓடிப்போய் அதை அடிக்கவேண்டும். மூன்று வருடத்தில் அது ஒலித்தது, கூட்டித் துடைக்கிற அம்மா தூசி தட்டும்போது மட்டும்தான்.

அக்கா ஒழுங்காகத்தான் அங்கே போனாள். படிவத்தில் "எத்தனை பேருக்குப் பயன்?" என்ற கட்டத்தில் "பம்ப் வைத்திருக்கும் எல்லாருக்கும்" என்று நிரப்பினாள். எண் மட்டும்தான் போடலாம் என்றது கம்ப்யூட்டர். ஓர் எண்ணைப் போட்டாள். இந்த எண்ணுக்கு ஆதாரம் எங்கே என்றது. மூன்று மாதம் ஆதாரம் தேடி அலைந்துவிட்டு, ஒருநாள் மதியம் மையத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் நுழைந்துகொண்டாள். மெத்தைகள் வந்து இறங்கிய மரப்பெட்டிகளை அங்கேதான் போட்டிருந்தார்கள். ஒரு பெட்டியைக் கவிழ்த்தால் மேசை. (புத்தாக்கத்துக்கு மையம் செய்த ஒரே உதவி இந்த மரப்பெட்டிதான் என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்ததையும் நீங்கள் படித்துவிட்டீர்கள், என்ன செய்வது.)

அடுத்தது பாகங்கள். அனுமதியில்லாத வேலைக்கு ஸ்டோரில் ஒரு திருகாணிகூடப் பெயராது. ஆனால் நாற்காலி உடைந்தால் கேள்வி கேட்காமல் தருவார்கள். "சோதனைப் பிரிவு நாற்காலி, பழுது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். பசை வந்தது, கம்பி வந்தது, ஸ்பிரிங் வந்தது. குட்டி மைக் கேட்டபோது மட்டும் ஸ்டோர்க்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாராம்.

"நாற்காலிக்கு எதுக்கும்மா மைக்கு?"

"உக்காந்தா கீச்சுகீச்சுங்குது சார். எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்."

"அதுவும் சரிதான்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இப்படியே முப்பத்தொரு சீட்டு. எல்லாம் ஒரே நாற்காலிக்கு.

4

இந்த இடத்தில் ஒரு பேராசிரியர் வரவேண்டும். பல்கலைக்கழகத்தில் அதிர்வுகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், மதிய இடைவேளையில் அக்காவோடு சாமான் அறையில் வேலை பார்க்கிறவர். இந்த ஆளை நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். காதைத் திருடிக்கொண்டு போய்த் தன் பெயரில் கட்டுரை வெளியிட்டுவிடுவார். கதை சூடுபிடித்துவிடும் என்று குதூகலமாக இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

அக்கா போனிலேயே கத்தினாள். "உனக்கு மனசாட்சி இருக்காடா? ஆய்வகச் சாவிய சும்மா குடுக்கமாட்டேங்கிறாங்கன்னு, 'ஆய்வகத்தைச் சுத்தம் பண்ணப்போறேன்'னு எழுதிக் குடுத்துட்டு உள்ள போய் எனக்காக அளந்து குடுக்கிறாரு அந்த மனுஷன். போன வருஷம் அவருக்குத் தூய்மைக்குன்னு சான்றிதழ் குடுத்துட்டாங்க. அதை வாங்கிட்டு வந்து அழுதாருடா!"

அழுதவரை வில்லனாக்கும் தெம்பு எனக்கில்லை. இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

5

மையத்துத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் பதறுகிறவர். வெள்ளிக்கிழமை ஆண்டு விழா, சிறந்த புதுமைக்கு விருதும் உண்டு. நிர்வாக இயக்குநர் வருகிறார், துணைவேந்தர் வருகிறார், மேடையில் காட்ட ஒரு துரும்புகூட இல்லை. நமக்குத் தெரியாமல் எந்த மூலையிலாவது எதுவாவது நடந்திருக்காதா என்று கம்பெனியின் எல்லாப் பதிவேடுகளையும் கம்ப்யூட்டரை விட்டு அலசச் சொன்னார். கம்ப்யூட்டர் அலசிப் பார்த்து ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்தது.

வேறு யாராக இருந்தாலும் திருட்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். இவர் விடாமுயற்சி என்று நினைத்தார். மூச்சிரைக்க அக்காவின் பிரிவுக்கு ஓடிவந்தார்.

"ஒரே நாற்காலிய முப்பத்தோரு தடவை மேம்படுத்தியிருக்கீங்க! ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அக்கா அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"உள்ள மைக்கெல்லாம் வச்சிருக்கீங்களாமே!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மேடையில் நாற்காலியைக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகிற வழியில் பித்தளை மணியை அவரே அடித்துவிட்டுப் போனார்.

இதுதான் செவ்வாய்க்கிழமைச் சிரிப்பு. சிரிப்பு நின்றதற்குக் காரணம் இது: விருது வாங்குகிறவரை மையத்துக்கு முழுநேரமாக மாற்றிவிடுவார்கள், விருது வாங்கிய பொருளை மட்டும் வளர்க்க. அதாவது அக்காவுக்கு இனி காலை முதல் மாலை வரை நாற்காலி. கண்ணாடிச் சுவருக்குள்ளிருந்து யாருக்கும் தெரியாமல் சாமான் அறைக்குப் போகவும் முடியாது. காதின் கதை அதோடு முடிந்தது.

"உண்மையச் சொல்லிடேன்கா."

"சொல்லி? நாலுக்கு ஒண்ணு தப்பாச் சொல்ற சாமானை மேடையில வச்சா அன்னைக்கே மூட்டை கட்டிடுவாங்க. பொய்ச் சீட்டு எழுதினதுக்கு என்னையும் சேத்துக் கட்டிடுவாங்க. இன்னும் ஒரு வருஷம் கிடைச்சா சரி பண்ணிடுவேன்டா. ஒரே ஒரு வருஷம்."

அவள் குரல் கம்மியது. அதனால்தான் இந்தக் கதையை இவ்வளவு கும்மாளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

புதன்கிழமை நானும் சாமான் அறைக்குப் போனேன். திட்டம் எளிது. ஏதோ ஒரு நாற்காலி, அதில் நாலு ஸ்பிரிங், மேடையில் நாலு வார்த்தை. சுமாராக இருந்தால் போதும், விருது கிடைக்காது, அவரவர் வேலையைப் பார்க்கலாம். பேராசிரியர் தன் அறை நாற்காலியையே தோளில் தூக்கி வந்துவிட்டார்.

"மேடம், ஸ்பிரிங் இங்க வந்தா முதுகுக்குத் தாங்காதே."

"சும்மா பேருக்குத்தானே சார்?"

"பேருக்குத்தான். இருந்தாலும் தாங்காதே."

"அப்போ கீழே ஒரு தகடு குடுத்துப் பாப்போமா?"

அவ்வளவுதான். அடுத்த மூன்று மணி நேரம் நான் ஒருவன் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துபோனார்கள். அளந்தார்கள், வெட்டினார்கள், சண்டை போட்டார்கள். கடைசியில் "எடைக்கு ஆள் வேணும், உக்காருடா" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள் அக்கா.

வாசகரே, சத்தியமாகச் சொல்கிறேன், என் முதுகு அப்படி ஒரு மரியாதையை அதுவரை கண்டதில்லை. நான் சாய்ந்தால் அது இறங்கியது, நிமிர்ந்தால் கூடவே எழுந்தது. இருபது நிமிடம் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி நின்றிருந்தார்கள்.

"நல்லாவா இருக்கு?" என்றாள் அக்கா, மெதுவாக.

"பிரமாதம்கா!"

"ஐயையோ" என்று பேராசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பொய்யாக ஒரு வேலை செய்யக்கூட இந்த இருவருக்கும் தெரியவில்லை. விருது இப்போது உறுதி.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) நாற்காலி ஜெயிக்கிறது. அக்கா கண்ணாடிச் சுவருக்குள் போகிறாள். காது ஓர் இழுப்பறையில்... இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

(ஆ) அக்கா துணிந்து காதைக் காட்டுகிறாள். அது அச்சுப்பிசகாமல் வேலை செய்கிறது. அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. துணைவேந்தர் விசும்புகிறார். எழுதும்போது நானும் விசும்பினேன். ஓரத்தில் சிவப்பு மை: "நாலில் மூணுதான் சரியா வரும். இவன் அந்த மூணை மட்டும் எழுதி வச்சிருக்கான்."

(இ) சரியான நேரத்தில் கரண்ட் போய்விடுகிறது. இது முடிவு இல்லை, சோம்பேறித்தனம்.

அக்கா கேட்டாளென்று நாற்காலிக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என இரண்டு மேடைப் பேச்சும் எழுதிக் கொடுத்தேன். எதைப் பேசப்போகிறாள் என்று கேட்டால், "போடா" என்கிறாள்.

8

இந்தப் பகுதியை அக்கா இன்னும் பார்க்கவில்லை. அரங்கத்தின் ஓரத்தில் நின்றபடி எழுதுகிறேன். (நாற்காலி தூக்க வந்தவன் என்ற பெயரில் உள்ளே விட்டார்கள்.)

மேடையின் இந்தப் பக்கம் நாற்காலி. அந்தப் பக்கம் அலங்காரத்துக்காகக் கண்ணாடித் தொட்டியில் ஒரு நீரூற்று. அதை இயக்குவது கம்பெனியின் புத்தம்புது பம்ப், அடுத்த மாதம் விற்பனைக்கு வருகிறது. தொட்டிக்கு வெளியே ஒரு பீடத்தில் பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக்கின் முன் நிற்கிறாள். நாற்காலிப் பேச்சைத்தான் பிரித்திருக்கிறாள். "அனைவருக்கும் வணக்கம். இந்த நாற்காலி..."

நிறுத்திவிட்டாள். தலையைச் சாய்த்து அந்தப் பம்பின் சத்தத்தைக் கேட்கிறாள். தாளை மடித்துவிட்டு நேராக அதனிடம் போகிறாள், பையிலிருந்து காதை எடுத்து அதன்மேல் ஒட்டுகிறாள். மையத்துத் தலைவர், இதுவும் நாற்காலியின் பாகம்தான் என்று நினைத்துக் கைதட்டுகிறார்.

பச்சை. பச்சை. பச்சை.

சிவப்பு.

"அந்த முப்பத்தோரு சீட்டும் இதுக்காக நான் எழுதினது" என்கிறாள் அக்கா. குரல் நடுங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. "நாற்காலி புதன்கிழமை செஞ்சது. இதுல சிவப்பு எரிஞ்சா உள்ள பேரிங் கெட்டுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். நாலுக்கு மூணு தடவை அப்படித்தான். ஒரு தடவை இதுவே தப்பாச் சொல்லும். இப்போ சொல்றது எதுன்னு எனக்கும் தெரியல."

பேராசிரியர் ஸ்பானரோடு மேடைப் படியேறிவிட்டார்.

"பம்பை நிறுத்திப் பிரிச்சுப் பாத்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

எல்லாத் தலைகளும் முன்வரிசை நடு இருக்கைப் பக்கம் திரும்புகின்றன. நிர்வாக இயக்குநரின் இருக்கை. அவர் ஆணா பெண்ணா, கோபக்காரரா, எப்படிப்பட்டவர் என்று இந்தக் கதையில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை. அங்கே நீங்கள் உட்காருங்கள்.

உட்கார்ந்துவிட்டீர்களா? பிரித்துப் பார்த்து, பம்ப் கெட்டிருந்தால் இத்தனை பேர் முன்னால் உங்கள் மானம் போகும், அடுத்த மாத விற்பனையும் போகும். பம்ப் நன்றாக இருந்தால் என் அக்கா போவாள். "அதெல்லாம் எதுக்கும்மா, நாற்காலியப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எல்லாரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். பம்ப் மட்டும் அடுத்த மாதம் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

நான் பேனாவை மூடுகிறேன். அக்கா உங்களைத்தான் பார்க்கிறாள்.

"பிரிக்கலாமா?"