பவானிக்கு வரவேண்டிய படகு

பிராங்கிளின் சார் ஹாலந்து தேசத்தில் ஒரு படகு வாங்கியிருக்கிறார் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. ராயபுரத்தில் ஒரே காலையில் நாலு படகு வாங்கலாம். கண்ணால் பார்த்து, கையால் தட்டிப் பார்த்து, விற்கிறவன் முழியையும் ஒருதரம் பார்த்து வாங்கலாம். மூஞ்சி தெரியாத ஹாலந்துக்காரனிடம் முன்பணம் கட்டுவது ஏமாறுவதற்கென்றே செய்கிற காரியம்.

சாருக்கு ஏற்கெனவே பெரிய வெள்ளைப் படகு ஒன்று இருக்கிறது. யாட் என்பார்கள். அது மீன் பிடிக்காது, சரக்கு ஏற்றாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் உட்கார்ந்து ஜூஸ் குடிப்பார்கள். காத்திவாக்கத்தில் எங்கள் குப்பத்துக்குப் பின்னால், கழிமுகத்தில் ஆழமான இடம் பார்த்து நங்கூரம் போட்டிருக்கிறது. அதற்குக் காவல் நான். கரையிலிருந்து யாட்டுக்குப் போய்வர ஒரு குட்டிப் படகு வேண்டும். அதற்குப் பெயர் டெண்டராம். டெண்டர் என்றால் கார்ப்பரேஷன்காரன் விடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பழைய டெண்டரைப் போன புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது; கழற்றி வைத்திருந்த இன்ஜின் மட்டும் மிச்சம். அன்றிலிருந்து சார் என்னுடைய ஓட்டைப் படகில்தான் போய்வந்தார். அவர் உட்காருவார், அவர் சம்சாரம் தண்ணீர் இறைப்பார், நான் துடுப்புப் போடுவேன்.

புது டெண்டர் வந்தால் அதை ஓட்டப்போவது என் மருமகள் பவானி. ராயபுரத்தில் அவள் அப்பா படகு இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பாவாடை கட்டின வயதிலேயே அவளுக்கு ஸ்பானர் பழக்கம். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபின் இறால் கம்பெனிக்குப் போனாள். நாளெல்லாம் ஐஸில் கை வைத்து விரல் மரத்துப்போய், ராத்திரியில் சோற்றைப் பிசையமுடியாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன், அதாவது என் மகன், காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். மாதத்தில் பாதி நாள் கடலில். புது டெண்டரை ஓட்ட வருகிறாயா என்று பிராங்கிளின் சார் கேட்டதும் அவள் என்னிடம் வந்து, "எனுக்கு இது வோணும் மாமா" என்றாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் எதையும் வேண்டும் என்று சொன்னதில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் குப்பத்தில் பெண்பிள்ளை படகில் கால் வைக்கக்கூடாது. இறால் தடவுகிற, அதாவது கையால் துழாவி இறால் பிடிக்கிற, பெண்கள் இடுப்பளவு சேற்றில் பாதி நாள் நடப்பார்கள். பக்கத்தில் படகு காலியாகப் போனாலும் ஏறமாட்டார்கள். ஆகவே ஊர் கூடியது. ஊர்த் தலைவன் தண்டபாணி கோயில் மேடையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா தேசப்பா, ஊரு கட்டுப்பாடு ஒனக்குத் தெர்யாதா? பொம்பள ஏறுன போட்டுக்கு மீன் வருமா?"

"அது மீனுக்குப் போற போட்டு இல்லபா. சாரை ஏத்தி எறக்குறது."

"எதுவா இருந்தா இன்னா? போட்டுன்னா போட்டுதான்."

பெண்கள் பக்கத்திலிருந்து பவானி எழுந்தாள். "தலைவரே, அது ஹாலந்துலேர்ந்து வர்து. நம்மூரு போட்டு இல்ல. அதுக்கு எப்பிடி நம்மூரு கட்டுப்பாடு?"

தண்டபாணி மீசையைத் தடவினான். அந்தப் படகு வரவே வராது என்று என்னைப்போலவே அவனும் நினைத்திருக்கவேண்டும். "சரிம்மா. நம்ம போட்டு இல்லாத வரைக்கும் யாரு வேணா ஓட்டிக்கோங்க. நமுக்கு இன்னா வந்துச்சி?" என்றான். அவன் அவ்வளவு தாராளமாகப் பேசியதற்குக் காரணம் மறுநாள் தெரிந்தது. பொங்கலுக்குள் ஹாலந்துப் படகு வராவிட்டால் ராயபுரத்தில் ஒரு ஃபைபர் படகு வாங்கிவிடுவேன் என்று சார் அவனிடம் முன்பே சொல்லியிருந்தாராம். ஃபைபர் என்றால் நம்ம ஊர்ப் படகு, ஆம்பளை ஓட்டவேண்டும். ஓட்ட ஆள் தயாராக இருந்தான். தண்டபாணியின் மச்சான் பொன்ராஜ். படகு வாங்குமுன்னே கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு கரையில் உலாத்தினான்.

நாங்கள் காத்திருந்தோம். பவானி செல்லில் ஒரு கடல் படம் வைத்திருந்தாள். அதில் பச்சையாக ஒரு புள்ளி. கப்பல் அதுதானாம்.

"தோ பாரு மாமா, சூயஸ் தாண்டிட்ச்சி."

"புள்ளி தாண்டிட்ச்சி. கப்பலு தாண்டிச்சான்னு எவன் பாத்தான்?"

புள்ளி கொழும்பில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். அங்கே வேறு கப்பலுக்கு மாற்றுவார்களாம். "எறக்குனவன் அங்கியே வித்துட்டு இருப்பான்" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு கொஞ்சமாகத்தான் விழுந்தது. அதன்பிறகு கொழும்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

மார்கழி பாதி போனபின் ஒருநாள் பவானி ஓடி வந்து என்னைக் கரைக்கு இழுத்துப்போனாள். கடலில், கண்ணுக்கு எட்டின தூரத்தில், பெட்டி அடுக்கின பெரிய கப்பல் ஒன்று நின்றது. புள்ளியும் கப்பலும் ஒரே இடம்.

"வந்துட்ச்சி மாமா! தொறைமொகத்துல எடம் இல்லியாம். க்யூல நிக்குது."

நாள் போனது. கப்பல் அசையவில்லை. கரையில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பொன்ராஜ் ஒரு தொப்பியும் வாங்கிவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணுக்கு எதிரே நிற்கிற சாமானை வாங்க எதற்குத் துறைமுகம்? ஒரு தோஸ்துவின் ஃபைபர் படகை இரவல் வாங்கி நேரே கப்பலுக்கே போய்விட்டேன். கிட்டே போனால் அது கப்பல் இல்லை, மாடி வைத்த ஊர். கழுத்து வலிக்க மேலே பார்த்துக் கத்தினேன்.

"யோவ்! பிராங்கிளின் சார் போட்டு உள்ள கீதா? கயித்துல கட்டி எறக்குயா!"

மேலே ஒரு மஞ்சள் தொப்பி எட்டிப்பார்த்தது. கையாட்டியது. நானும் ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் கயிற்றில் கட்டி ஒரு வாளி இறங்கி வந்தது. வாளிக்குள் இரண்டு சோப்பு. மஞ்சள் தொப்பி வாயருகே கையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் காட்டியது. மீன் கேட்கிறான்! படகில் என் சோற்றுக்கு வைத்திருந்த நண்டு நாலு கிடந்தது. வாளியில் போட்டேன். வாளி மேலே போனது. கட்டைவிரலைக் காட்டிவிட்டு மஞ்சள் தொப்பியும் போய்விட்டது.

"போட்டு கேக்கப் போயி சோப்பு வாங்கினு வந்தியா மாமா?" என்றாள் பவானி. கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டாள். நல்ல சோப்பு. வாசனையாக இருந்தது.

போகிக்கு முதல்நாள் தௌசீஃப் போன் செய்தார். கப்பல் சரக்குகளை வெளியே எடுத்துக் கொடுக்கிற ஆள். கப்பலுக்கு இடம் கிடைத்துச் சரக்கு இறங்கிவிட்டது, மாத்தூர் பக்கம் ஒரு கிடங்கில் படகு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மினி லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனோம். பெரிய லாரியாக எடு என்று நான் சொன்னதை பவானி காதில் வாங்கவில்லை. கிடங்கில் தௌசீஃப் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். பீரோவைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது.

"பாய், இதுல போட்டு கீதுன்னா என் அண்டிராயர்ல லாரி கீது" என்றேன்.

"நைனா, அது காத்தடிக்கிற போட்டு. மட்ச்சி வெச்சிருக்காங்க."

"வெள்ளத்தப்ப ரப்பர் போட்டு நானும் பாத்துகீறேன். கெட்டியா, உப்பலா லாரியில வந்துச்சி. இதுமேரி சப்பையா வர்ல."

"காத்தோட அனுப்புனா காத்துக்கும் கப்பல் வாடகை கட்டணும் நைனா. ஹாலந்துக்காரன் ஒன்ன மேரி ஏமாளியா?"

நான் ஏமாளி என்று ஒருவன் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பெட்டியைப் பிரிக்காமல் வாங்கக்கூடாது என்று நான் நின்றேன். பவானி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

போகியன்று காலை கழிமுகக் கரையில் பெட்டியைப் பிரித்தோம். சுருட்டின ஜமுக்காளம் மாதிரி என்னவோ உருண்டு விழுந்தது. பவானி அதை விரித்து, அடியில் பலகைகளைச் செருகி, காலால் மிதிக்கிற பம்பை மாட்டி மிதிக்க ஆரம்பித்தாள். மூலையில் ஒரு உப்பல் எழுந்தது. பிறகு விளிம்பு எழுந்தது. குழந்தைகள் கத்தினார்கள். பார்த்துக்கொண்டே இருக்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு படகு என் கண்ணெதிரே பிறந்துவிட்டது. தட்டிப் பார்த்தேன். கிண்ணென்று இருந்தது. நம்பினேன். வேறு வழியில்லை.

சார் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பெட்ரோல் வாங்க பவானி எண்ணூருக்குப் போனாள்.

தனியாக அந்தப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரம் இல்லை, ஃபைபர் இல்லை. உள்ளே இருப்பது வெறும் காற்று. அந்தக் காற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு இவள் கரைக்கும் யாட்டுக்கும் போய்வரவேண்டும். தண்ணீர் இழுப்பு உள்ள இடம் அது. நான் நீந்திப் பழகின கிழவன், நானே அங்கே பார்த்துத்தான் இறங்குவேன். கற்பூரம் பார்க்காத படகில் என் வீட்டுப் பெண்ணை ஏற்றமாட்டேன் என்று முடிவு செய்தேன். பூசாரியைக் கூப்பிட்டேன். மஞ்சள் பூசி, அம்மன் குங்குமம் வைத்து, மூக்கில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சுற்றிக் கற்பூரம் காட்டினோம். ரப்பராயிற்றே என்று கற்பூரத்தைத் தட்டிலிருந்து இறக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு. தேங்காய் இல்லையே என்றபோது தண்டபாணியே ஒரு தேங்காய் கொண்டுவந்து கொடுத்தான். "நல்லா பண்ணு தேசப்பா, ஒண்ணும் வுட்டுடாத" என்றான். ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிற நான் அந்தத் தேங்காயைச் சந்தேகப்படவில்லை.

பவானி பெட்ரோல் கேனும் மிதவைச் சட்டையுமாக வந்தாள். படகில் பழைய டெண்டரின் இன்ஜினை மாட்டிவிட்டு, ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள்.

"நில்லும்மா" என்றான் தண்டபாணி. "பூசை போட்டாச்சி. அம்மன் குங்குமம் வெச்சாச்சி. ஊருத் தேங்கா ஒடச்சாச்சி. இனிமே இது நம்மூரு போட்டு. பொம்பள கால் வெக்கக் கூடாது."

பொன்ராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

"யோவ், இது ஹாலந்து போட்டுயா!" என்று கத்தினேன்.

"இருந்துச்சி. நீதான மாத்துன? அம்மனுக்கு ஹாலந்து தெர்யுமா, சொல்லு?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பவானி மாலையைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள். "யாரு பண்ணது இது?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான்..." என்றேன். அவள் கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐஸில் மரத்த விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு படகோரம் குந்தி, விளிம்பில் இருந்த ஒரு மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். குழந்தைகள் பாம்பு பாம்பு என்று ஓடின. அடுத்த மூடியையும் திருகினாள். படகின் மூக்கு தொங்கியது. மாலை வழுக்கிக் கீழே விழுந்தது. எலுமிச்சம்பழம் உருண்டு தண்டபாணியின் காலடியில் நின்றது. விளிம்பெல்லாம் சுருங்கி, இன்ஜின் பின்பக்கம் சாய்ந்துவிட, மணலில் பழையபடி ஜமுக்காளம் கிடந்தது.

"ஏறிக்கோ பொன்ராஜண்ணே" என்றாள் பவானி. "ஒங்க ஊரு போட்டு தோ கீது."

பொன்ராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"இன்னாம்மா வெள்ளாட்றியா?" என்றான் தண்டபாணி. "காத்து போனா பூசையும் பூட்மா?"

இந்த இடத்தில் எனக்கு நாக்கு திரும்பி வந்தது. "ஏன் போவாது? வருசா வருசம் புள்ளையாருக்குப் பூசை போட்டு, காசிமேட்டாண்ட கடல்ல கரைக்கிற இல்ல? கரைச்சப்பறம் அந்தக் களிமண்ணுக்கு எவன்யா கற்பூரம் காட்றான்? நீ காட்டுவியா? போட்டு கரைஞ்சி போச்சி. இது வெறும் ரப்பரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பவானி மாலையையும் பழத்தையும் பயபக்தியாக எடுத்துப் பூசாரி தட்டில் வைத்தாள். தண்ணீர் மொண்டு மஞ்சள் குங்குமத்தைக் கழுவிவிட்டாள். அது கழிமுகத்தில் கலந்து கடலுக்குப் போனது. இனி அது அம்மன் பாடு, கடல் பாடு. பம்பை நான் பிடுங்கிக்கொண்டேன். மூச்சு வாங்க வாங்க மிதித்தேன். ஒரு கையில் துடுப்பும் வைத்திருந்தேன், கற்பூரத் தட்டோடு எவனும் கிட்ட வந்துவிடக்கூடாதே என்று.

தண்டபாணி விடவில்லை. "பச்சையம்மா! ஒரு கட்டி கற்பூரம் குடு" என்று கத்தினான். கரையில் பெட்டிக்கடை வைத்திருப்பவள் பச்சையம்மா. பாதி வாழ்நாள் சேற்றில் இறால் தடவி முட்டி தேய்ந்தபின் கடை போட்டவள்.

"தீந்து பூட்ச்சி" என்றாள். அவள் முன்னால் கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை கற்பூரம் இருந்தது. ஜாடிமேல் முந்தானையைப் போட்டாள்.

பிராங்கிளின் சார் காரிலிருந்து இறங்கி வந்தார். "என்ன தேசப்பன், இன்னும் காத்தே அடிக்கலையா? இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"புதுசா செஞ்சிகினு கீறோம் சார். தோ ஆய்ட்ச்சி" என்றேன்.

இரண்டாம் முறை அடித்த காற்று முதல் காற்றைவிடக் கெட்டியாகவே நின்றது. பவானி செருப்பைக் கரையில் விட்டாள். ஒரு காலை வைத்தாள், மறு காலையும் வைத்தாள். சார் ஏறி உட்கார்ந்தார். நான் என்ன செய்வது, மனசுக்குள் மட்டும் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டேன். அதையும் தண்டபாணிக்குத் தெரியாமல், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

கயிற்றை ஒரே இழுப்பு. இன்ஜின் பிடித்தது. யாட்டுக்கு நேராகப் போகாமல் வட்டமடித்துப் போனாள். சார் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நடுக் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏ பவானி!" என்று அவர்களில் ஒருத்தி கூவினாள். "எங்களையும் அக்கரையில வுட்டுட்டுப் போடீ! காலு மரத்துப் பூட்ச்சி!"

பவானி சாரிடம் என்னவோ கேட்டாள். சார் தலையாட்டினார். படகு அவர்கள் பக்கம் திரும்பியது.

தண்டபாணி மணலில் உட்கார்ந்துவிட்டான்.